பத்து எண்ணுறதுக்குள்ள

— நூத்திப் பதினெட்டு. காலையில நூத்தி நாலு. நேத்து இந்நேரம் தொண்ணூத்தி ரெண்டு. எல்லாம் எழுதி வச்சிருக்கேன், பாரு. ஏறுதா இல்லையா?

— ஏறுது பாப்பா.

— அப்புறம் எதுக்கு டாக்டர் மூச்சு மிஷினை நிறுத்தக் கையெழுத்துக் கேட்டு என் பின்னாடியே வர்றார்? பிரஷர் பிடிச்சுக்கிட்டா மாப்பிள்ளை பொழச்சுக்குவார்னு முதல் நாள் இதே பெஞ்சுல உக்காந்து நீதானே சொன்ன?

— சொன்னேன். தலைமாட்டுல ஓடுற ஊசி மிஷினை நான் அப்ப கவனிக்கல.

— அது சத்து மருந்துதானே.

— யார் சொன்னா?

— யாரும் சொல்லல. நானா நெனச்சுக்கிட்டேன்.

— அது ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கிற மருந்து. நேத்து மணிக்கு நாலு மில்லி ஓடுச்சு. இன்னைக்குப் பதினொண்ணுன்னு நர்ஸ் சொல்லுச்சு. உன் நோட்டுல ஏறிக்கிட்டே போறது அந்த மருந்துதான். மாப்பிள்ளை இல்ல.

— மெடிக்கல் காலேஜ்ல முயல் கூண்டு கழுவுற ஆளு நீ. டாக்டர் மாதிரி பேசாதண்ணே.

— கூண்டும் கழுவினேன், முப்பது வருஷம் முயலை வச்சுப் பாடம் நடத்துற மேசைக்குப் பக்கத்துலயும் நின்னேன். அதனாலதான் பேசறேன்.

— இருபது வருஷமா இந்த மனுஷனுக்குப் பிரஷர் இறங்கணும்னு உப்பைக் குறைச்சேன். என்னடி இது, சுவத்தை நக்குற மாதிரி இருக்குன்னு தட்டைத் தள்ளி விடுவாரு. இப்ப ஏறு, ஏறுன்னு உக்காந்திருக்கேன். சிரிப்பு வரல உனக்கு?

— வரல.

— அவருக்கு வந்திருக்கும்.

— கேளு. பிடரிக்கு மேல, மூளைக்கு அடியில, கட்டை விரல் தண்டிக்கு ஒரு தண்டு இருக்கு. படுத்திருந்து எந்திரிச்சா ரத்தம் காலுக்கு ஓடும், கண்ணு இருட்டணும். ஏன் இருட்டல? கழுத்து நரம்புலேர்ந்து அந்தத் தண்டுக்குச் சேதி போயிடும். அது குழாயை இறுக்கும், நெஞ்சை வேகமா அடிக்க வைக்கும். நமக்குத் தெரியவே தெரியாது. மாப்பிள்ளைக்கு ரத்தம் கசிஞ்சது அங்கதான். தண்டு வேலை செய்யலன்னு ரெண்டு தடவை சோதிச்சுப் பாத்துட்டாங்க.

— நெஞ்சு அடிக்குதே.

— அது பாட்டுக்கு அடிக்கும். எவ்வளவு அடிக்கணும்னு சொல்ல மேல ஆள் இல்ல.

— ஆள் இல்லைன்னு சொல்லாத.

— சரி. சொல்லல.

— கை சூடா இருக்கு. இன்னைக்குக் காலையில முகம் மழிச்சு விட்டேன். மூணு நாள் தாடி. செத்தவருக்கு வளருமா?

— பாப்பா...

— எல்லாத்தையும் அந்த நர்ஸ் பொண்ணு கெடுக்குது. முதுகு துடைக்கிறேன்னு கட்டிலைத் தலைப்பக்கம் தூக்குது. உடனே எழுபதுக்கு விழுந்துடுது. இனிமே கட்டில்ல கை வைக்காதேன்னு சொல்லிட்டேன்.

— அது அந்தப் பொண்ணு தப்பு இல்ல. நாங்க முயலுக்கு மயக்கம் கொடுத்து, பலகையில கட்டி, இப்படித்தான் தலைப்பக்கம் தூக்குவோம். பிரஷர் சட்டுன்னு விழும். வாத்தியார் பசங்களை எண்ணச் சொல்வாரு. பத்து எண்ணுறதுக்குள்ள தானா ஏறிடும். தண்டைச் சிதைச்ச முயலுக்கு மட்டும் ஏறாது. பலகையை இறக்கினாத்தான் உண்டு.

— பாவமா இருக்காதா உனக்கு?

— முதல் ஒரு மாசம் இருந்துச்சு. அப்புறம் கையைக் கழுவிட்டுச் சாப்பிடப் போயிடுவேன்.

— இப்ப மட்டும் ஏன் உள்ள வர மாட்டேங்குற? காலையிலேர்ந்து இந்தக் கதவைத் தாண்டல நீ.

— கட்டிலைப் பாத்தா பலகை மாதிரி தெரியுது.

— ம்.

— வா, இப்ப போவோம். நான் உன் கூட நிக்கிறேன். அந்தப் பொண்ணை ஒரே ஒரு தடவை தூக்கச் சொல்வோம். நீயே எண்ணு. பத்துக்குள்ள ஏறிடுச்சுன்னா டாக்டர் காகிதத்தை நானே வாங்கிக் கிழிச்சுப் போடறேன்.

— வேண்டாம்.

— பயப்படாத பாப்பா.

— பயம் இல்லண்ணே. நேத்து மத்தியானம் அந்தப் பொண்ணு துணி எடுக்கப் போனப்ப நானே தூக்கினேன். நீ பத்துங்குற. நூறு எண்ணிட்டுத்தான் இறக்கினேன்.