அடகுக்குப் போகாத மோதிரம்

பாலக்கோடு தக்காளி மண்டியில் இனி வேலை இல்லை என்றார்கள். பையோடு நடந்து கொண்டிருந்தபோது தருமபுரி பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். முன் சீட்டில் கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி, மோதிரம் வாங்கப் போய்க்கொண்டிருந்தது.

“வெள்ளியே எடுங்க. தங்கம்னா அடகுக்குப் போயிரும்,” என்றாள் அவள்.

“சர்ச்சுல ஊரே பாக்கும் ஸ்டெல்லா. வெள்ளிய நீட்டுனா எங்க மாமனுங்க சிரிப்பானுங்க.”

“சிரிக்கட்டும். ஃபாதர் மந்திரிச்ச மோதிரம் எங்கம்மாவுக்கும் இருந்துச்சு. போர்வெல் போடறேன்னு எங்கப்பா கழட்டி வாங்கிட்டுப் போனாரு. தண்ணியும் வரல, மோதிரமும் வரல.”

“நான் அப்படிச் செய்வனா?”

“எங்கப்பாவும் நல்லவருதாங்க.”



“அதியமான்கோட்டையில எங்க தக்காளிக் காட்டுக்கு நாளைக்கு போர்வெல் லாரி வருது,” என்றான் மெதுவாக.

“இப்பவாச்சும் சொன்னீங்களே.” அவள் சிரித்துவிட்டாள். “பாதியில பணம் பத்தலன்னா என் கையத்தான பாப்பீங்க?”



“சரி, ரெண்டு பேருக்கும் வெள்ளியே எடுத்துக்கலாம்,” என்றான்.

தருமபுரியில் இறங்கி வெள்ளிக்கடைப் பக்கம் போனார்கள். மறுநாள் காலை நான் அதியமான்கோட்டைக்குப் போய் விசாரித்து, அந்த லாரியில் குழாய் தூக்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.