மூன்றாவது வரிசையின் சத்தம்

– இடுப்பு ரெண்டா புட்டுக்கிச்சு சார். இந்தக் கோடவுன்ல ஒரே ரேக்க பதிமூணு தபா இழுத்துட்டேன். இரும்பு சார் அது, பதினாலாவது தபா இழுத்தா மட்டும் பாட்டா பாடும்?

– இன்னும் ஒருக்கா மட்டும் இழுங்க உத்தமண்ணா. போன தடவ நீங்க முக்குனது மைக்குல விழுந்துருச்சுங்க.

– இரும்ப இழுத்தா ஆளு முக்கத்தான் செய்வான். உங்க சீரியல்ல ரேக்கு தானாவா நவுருது?

– பேய்ச் சீரியலுங்க. தானாத்தான் நவுரும்.

– அத்த காலையிலயே சொல்லியிருந்தா பேயையே கூட்டினு வந்துருக்கலாமே ஸ்ரீகாந்த் சார். ஞாயித்துக்கெழம அம்பத்தூர் எஸ்டேட்டே காலியா கீது. ஊட்டுல கெடந்த லோடுமேன எழுப்பி இட்டாந்து, வேர்வ வாணாம், முக்கல் வாணாம், வெறும் சத்தம் மட்டும் குடுன்னா எப்டி?

– சரிங்க, இழுக்க வேண்டாம். தட்டுங்க. ஒவ்வொரு வரிசையிலயும் ஒரு தட்டு, அந்தச் சத்தம் அடங்குனப்பறம் அடுத்தது. அய்யோ, போன் அடிக்குதுங்க உங்களுது. ஆஃப் பண்ணி வெக்கச் சொன்னனே.

– செலினு. எங்கூட லோடு தூக்குன ரிச்சர்டு பொண்டாட்டி. அடிச்சு அடிச்சு ஓயும், உடு.

– எடுத்துப் பேசிடுங்க, அவசரமா இருக்கப்போவுது.

– அவசரம்தான். நாளான்னிக்கு கோர்ட்டுல அது பக்கம் சாட்சி சொல்ல வருவியான்னு கேக்கும். வரேன்னா மொதலாளி தொலச்சுடுவாரு, வரலன்னா செலினு சாபம் உடும். எடுக்காட்டி ரெண்டும் இல்ல. சைலண்ட்ல போட்டாச்சு. இன்னா, தட்டட்டா?

– தட்டுங்க. நல்லா இருக்குதுங்க, ரீங்காரம் போவுது பாருங்க, கோயில் மணியாட்டம். அடுத்தது. அதும் அருமைங்க. அடுத்தது. இதென்னங்க, மூணாவது வரிசை டொக்குனு செத்துருச்சு? மறுக்கா தட்டுங்க. சுத்தமா ஒண்ணுமே வரலியே.

– தரையோட போல்ட்டு போட்டு இறுக்கினா அப்டித்தான் வரும்.

– மத்ததுக்கெல்லாம் போடலீங்களா?

– எந்த வரிசையில ஆளு வுழுறானோ அந்த வரிசைக்குத்தான் சார் போல்ட்டு. மத்ததுல இன்னும் ஆரும் வுழல.

– ஆளு விழுந்தாங்களா?

– உங்க ஈரோ மேல ரேக்கு சாஞ்சா இன்னா பண்ணுவான்?

– ஒத்தக் கையில தாங்கிப் புடிச்சிருவானுங்க.

– ரிச்சர்டு ரெண்டு கையாலயும் தாங்குனான். ஆவடிலேந்து சைக்கிள் மிதிச்சுக்கினு வர்ற ஒடம்பு, நல்லா வெச்சிருப்பான். எண்ணூறு கிலோ சார். பிரேக் லைனிங் பொட்டி.

– அந்தச் சத்தம் எப்படிங்க இருந்துச்சு? தப்பா எடுத்துக்காதீங்க, எங்களுக்கு ரேக்கு விழுற சத்தமும் ஒண்ணு வேணும்.

– கேட்டுட்டியா. காலையிலேந்து எப்ப கேப்பன்னு பாத்துக்கினே இருந்தேன்.

– அண்ணா, மன்னிச்சுக்குங்க.

– இல்ல, சொல்றேன், எழுதிக்க. படார்னுலாம் இல்ல. மொதல்ல நாற்காலி நவுத்துறமாரி ஒரு கிரீச்சு. அப்பறம் பொட்டிங்க ஒண்ணு மேல ஒண்ணா, மழ புடிக்கறமாரி. அவ்ளோதான். அவன் கத்துனது கூட ரொம்ப லேட்டு. உங்க டைரக்டருக்கு இது புடிக்காது, நீ வேற எதுனா பலகைய ஒடச்சு சேத்துக்க.

– கோர்ட்டுல உங்கள என்ன சொல்லச் சொல்றாருங்க முதலாளி?

– போல்ட்டக் கழட்டவே இல்லியாம், மொதல்லேந்தே இருந்துச்சாம். ரிச்சர்டு ரேக்கு மேல ஏறி ஆட்டுனானாம். பீடி தேடுனானாம். சர்ச்சுல பாட்டுப் பாடுறவன் சார், பீடின்னா மூக்கப் பொத்துவான். பொய் சொல்றதுக்கும் ஒரு அளவெடுக்க வாணாமா?

– அப்படின்னா நான் எடுத்த இதுவே போதுமுங்க. எல்லா ரேக்கும் ரீங்காரம் போடுது, இது ஒண்ணு மட்டும் செத்துக் கெடக்குது. போல்ட்டு புதுசுன்னு காதே சொல்லுதே. இத அந்தம்மாவுக்குக் குடுத்தரலாமுங்க.

– குடேன். குடுத்துட்டு சீரியல் முடியச்சொல்ல, கோடவுன் குடுத்து உதவிய எங்க மொதலாளி அண்ணாச்சிக்கு நன்றின்னு போடுவீங்களே, அத்தயும் பெருசா போடு.

– கிண்டல் பண்ணாதீங்க. நான் குடுப்பேன்.

– உனக்கு சம்பளம் தர்ற ஓனர் உடுவாரா? வேல பூட்டா உன் கொரட்டூர் ஃபிளாட்டுக்கு ஆரு வாடக கட்டுவாங்க?

– அது, கேட்டுப் பாக்கோணும்.

– ஆங். இப்பத்தான் நீயும் எங்க ஆளுமாரி பேசுற. வா, குந்து. டீ வாங்கியாரச் சொல்ல ஆளில்ல, தண்ணி குடி.

– ஆனா ஒண்ணுங்க. நான் வெளியாளு, பயப்படுறேன். நீங்க எதுக்குங்க பயப்படோணும்? வேல போனா இந்த எஸ்டேட்ல உங்கள மாதிரி ஆளுக்கு வேற வேலயா கெடைக்காது?

– நாளைக்கே கெடைக்கும்.

– அப்பறம் என்னங்க? போல்ட்டக் கழட்டச் சொன்னது முதலாளி. அவர்மேலதான தப்பு. போய் உள்ளதச் சொல்ல வேண்டிதான.

– சொல்லலாம். மொதலாளி கழட்டச் சொன்னாரான்னு ஜட்ஜு கேப்பாரு.

– சொன்னாருன்னு சொல்லுங்க.

– அவரு அன்னிக்கு ஊர்லயே இல்ல சார்.

– அப்பறம் யாரு சொன்னது?

– ஆரும் சொல்லல. பொங்கலுக்கு முன்னாடி மூணு வண்டி லோடு, டிராலி பூரல. நாலு இஞ்சு நவுத்துனா பூரும். எப்பவும் பண்றதுதான, மத்த வரிசைங்களும் அப்டித்தான் போல்ட்டு இல்லாம நிக்குது; இதுல எட்டு போல்ட்டயும் நானே கழட்டுனேன். நவுத்துனப்பறம் தரையில ஓட்ட சேரல. புதுசா ஓட்ட போட்டு இறுக்கிடலாம் உத்தமான்னு ரிச்சர்டு டிரில்லு மிஷினத் தூக்கினு வந்தான். காலையில பாத்துக்கலாம் போடான்னேன்.

– செலினுக்கு இது தெரியுங்களா?

– தெரிஞ்சா சாட்சிக்கு என்னப் போயி கூப்புடுமா? ரிச்சர்டுக்குத் தெரியும். ஊட்டோட கெடக்கறான், இதுவரிக்கும் அவன் வாயத் தொறக்கல. அவனுக்கு நான் ஒரு காலு தரணும் சார். வலது காலு.