சுகந்திக்குப் பொன்னாடை போர்த்தும் முன்

அவைக்குத் தலைமை தாங்கும் சண்முகலிங்கம் அண்ணை அவர்களே, அவருக்கு இருமருங்கும் வீற்றிருக்கும் பெரியோர்களே, காலை வேலை முடிந்து உடுப்பு மாற்றவும் நேரமின்றி ஓடி வந்திருக்கும் தாய்மாரே, டாவோஸ் ஹோட்டல்களில் லீவு கேட்டு வாங்கி, ரயில் மாறி மாறி சுவிஸின் மறுகோடியில் உள்ள இந்த லா ஷோ-து-ஃபோனுக்கு வந்து சேர்ந்த சகோதரர்களே, முன்வரிசையில் கூச்சத்தோடு குனிந்திருக்கும் என் தங்கை சுகந்தியே! உங்கள் எல்லோருக்கும் ஞானேஸ்வரியின் பணிவான வணக்கம்.

சுகந்தியை வாழ்த்திப் பேசிப் பொன்னாடை போர்த்து என்று எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். வாழ்த்துவதற்கா விஷயமில்லை? பனி பொழியும் இந்தப் பட்டணத்தில், கூடைப்பந்து ஆடுவதற்கென்றே சம்பளம் வாங்கிய முதல் தமிழ்ப் பெண் அல்லவா அவள்! போன மாதம் ஒரே ஆட்டத்தில் முப்பத்தொரு புள்ளி எடுத்தவள் அல்லவா! மூன்று ஆண்டுகளில் அணித் தலைவியாக உயர்ந்தவள் அல்லவா! எல்லாம் உண்மை. ஆனால் சொல்லும்போது என் வயிறு எரிகிறதே, அதற்கு நான் என்ன செய்ய?

சிரியுங்கள் ராசா அண்ணை, நன்றாகச் சிரியுங்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூட வலைப்பந்து அணிக்குத் தலைவி யார்? நான். வளையத்துக்குள் பந்து போடுகிறவள் யார்? நான். கரையில் நின்று தோடம்பழம் வெட்டி, எனக்குத் தண்ணீர் நீட்டியவள் யார்? அதோ இருக்கிறாளே, அவள்!

எண்பத்தைந்தில் இருவரும் இங்கே மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் அருகருகே இருந்து வேலை செய்தோம். ஊர்க் கழகம் கூடைப்பந்துக்குப் பெண்களைத் தேடுகிறது என்று கேள்விப்பட்டதும், அவளை இழுத்துக்கொண்டு போனவள் நான்தான். முதல் பந்து என் கைக்கு வந்தது. பிடித்தேன். பிடித்தபடியே நின்றேன்! வலைப்பந்தில் பந்தைப் பிடித்தால் ஓடக் கூடாது, ஓடினால் விசில். எட்டு வருடம் கால்களுக்குப் பழக்கிய பழக்கம் ஒரு நாளில் போகுமா? சுற்றி நின்ற வெள்ளைக்காரப் பெண்கள் ஓடு, ஓடு என்று கத்துகிறார்கள். நானோ நட்டுவைத்த கம்பம்போல் நிற்கிறேன். அடுத்த பந்து, அடுத்த பந்து, எல்லாவற்றுக்கும் நின்றேன். ஊரில் ஆட இடம் கிடைக்காத சுகந்திக்கோ அந்தப் பழக்கமே இல்லை. பந்தைத் தரையில் தட்டித் தட்டி ஓடினாள் பாருங்கள்! அன்றே அவளை எடுத்தார்கள். என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள்.

அன்றிலிருந்து பொறாமைப்பட்டேன். அவள் படம் பத்திரிகையில் வந்தபோது பொறாமைப்பட்டேன். அவள் காலில் சுளுக்கு என்றபோது, சொல்ல நா கூசுகிறது, உள்ளுக்குள் குளிர்ந்தேன்.

கேளுங்கள் தாய்மாரே, பொறாமை அதோடு நிற்கவில்லை. எண்பத்தாறு வைகாசியில் கழக மேலாளர் தொழிற்சாலை வாசலில் என்னைக் கண்டார். அவளைச் சம்பளத்துக்கு எடுக்கப் போகிறோம், வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து கையெழுத்து வைக்கச் சொல் என்றார். பிரெஞ்சு தெரிந்தவள் நான் ஒருத்திதானே! வீட்டுக்கு வந்து சுகந்தியிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "அவையளுக்கு நீ வேண்டாமாம்" என்றேன்.

சண்முகலிங்கம் அண்ணை, மணியை அடிக்க வேண்டாம். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அவள் அழுதாள். இனி இந்த ஊரே வேண்டாமென்று, டாவோஸில் கோப்பை கழுவும் வேலைக்குப் போகப் பெட்டி கட்டினாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். வெள்ளிக்கிழமை, கழகம் தந்த இரவல் ஜேர்சியை வைத்துக்கொண்டு ஊரை விட்டுப் போகக் கூடாது என்று, அதைத் தோய்த்து, அயர்ன் பண்ணி, திருப்பிக் கொடுக்கக் கழகத்துக்குப் போனாள். அங்கே மேசையில் பேனாவும் ஒப்பந்தமும் அவளுக்காகக் காத்திருந்தன! திரும்பி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "அக்கா, நீங்கள் போய்க் கதைச்சபடியாத்தான் அவையள் மனம் மாறியிருக்கினம்" என்றாள். நான் ஓம் என்றேன். சபையோரே, ஓம் என்றேன்!

மூன்று ஆண்டுகளாகப் போகிற இடமெல்லாம் அதையே சொல்கிறாள். சற்று முன்னர் இதே ஒலிவாங்கியில், ஞானேஸ்வரி அக்கா இல்லையென்றால் நான் இல்லை என்றாளே, கைதட்டினீர்களே! அந்தக் கைதட்டல் என்னைச் சுட்டது. அவள் புள்ளியைப் பார்த்துப் பொறாமைப்படலாம், புகழைப் பார்த்துப் பொறாமைப்படலாம். செய்யாத உதவிக்கு அவள் தரும் நன்றியையும் திருடிக்கொண்டு இந்தப் பொன்னாடையை எப்படிப் போர்த்துவேன்?

சுகந்தி, உன் வாழ்வைக் கெடுக்கப் பார்த்தவள் நான். இந்த ஆடையை இன்னொருவர் கையால் வாங்கிக்கொள்வதானால் வாங்கிக்கொள். இதோ, மேசையில் வைக்கிறேன்.

சற்றுப் பொறுங்கள். அவள் எழும்புகிறாள். மேடைக்கு வருகிறாள். ஆடையை எடுத்து என் கையிலேயே தருகிறாள். போர்த்துங்கள் என்று தலை குனிந்து நிற்கிறாள்.

அன்பான சபையோரே, உங்களுக்கு ஒளிக்க மாட்டேன். எனக்கு இப்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. நான் அவளாயிருந்தால் இப்படிக் குனிந்திருக்க மாட்டேன்.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.