டாக்டரம்மா கேட்ட தாள்

தலைமை வகிக்கும் டாக்டர் செல்லதுரை அவர்களே! மனைவியின் படத்துக்குப் பக்கத்தில் கலங்காமல் உட்கார்ந்திருக்கும் தலைமையாசிரியர் முத்துவேல் அய்யா அவர்களே! இருபது ஆண்டுகள் டாக்டரம்மாவுக்கு வலக்கையாக இருந்த நர்ஸ் சின்னம்மாள் அவர்களே! அரியலூரிலும் பெரம்பலூரிலும் நோயாளிகளைக் காக்க வைத்துவிட்டு வந்திருக்கும் நம் மருத்துவர் சங்க நண்பர்களே! சாமிதுரையின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய ஏழு பேரும் டாக்டர் பூங்குழலி அம்மையாரைத் தாய் என்றீர்கள், தெய்வம் என்றீர்கள். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. போய்ச் சேர்ந்த பிறகுமா இந்த அம்மாவுக்கு இவ்வளவு பேர்! நான் போனால் இந்த மண்டபத்தில் பாதி நாற்காலி நிரம்புமா? சிரிக்காதீர்கள் செல்லதுரை. நிரம்பாது என்று உங்களுக்கும் தெரியும்.

ஆம், பொறாமைதான். இருபத்தெட்டு ஆண்டுப் பொறாமை. இரங்கல் கூட்டத்தில் இதைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். வேறு எங்கே சொல்வது? அவர் உயிரோடு இருந்தபோது சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லையே!

பஸ் நிற்கிற இடம் என் கிளினிக் வாசல். அவருடைய கிளினிக் அங்கிருந்து முப்பது அடி. நான் 1977-ல் வந்தவன், அவர் 1979-ல் வந்தவர். என் போர்டில் எம்.டி., தங்கப் பதக்கம் என்று மூன்று வரி. அவர் போர்டில் பெயர் மட்டும். கண்டக்டர் என்ன சொல்லிக் கத்துவார்? "டாக்டரம்மா வூடெல்லாம் எறங்கு!" என்னிடம் வைத்தியத்துக்கு வருகிறவனும் டாக்டரம்மா வீட்டுக்கு டிக்கெட் வாங்கித்தான் வந்து இறங்குவான். ஒருநாள் ஒரு கண்டக்டரைப் பிடித்துக் கேட்டேன், "ஏம்ப்பா, எதிர்ல இவ்வளவு பெரிய போர்டு தொங்குது, கண்ணு தெரியலையா?" அவன் சொன்னான், "தெரியுதுங்க சார். ஆனா அந்தப் பேரச் சொன்னா யாரும் எறங்க மாட்டேங்குறாங்க."

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த வருஷம், கரையோர ஊர்களில் குழந்தைகளுக்கு வாந்தி பேதி. நான் மருந்துப் பட்டியல் எழுதி அனுப்பினேன். அவர் டிராக்டரில் ஏறிப் போனார். பத்திரிகையில் யார் படம் வந்திருக்கும்? பட்டியல் எழுதியவன் படமா வரும்!

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இது ஒரு பிள்ளையைப் பற்றியது. அந்தப் பிள்ளையிடமும் தாயிடமும் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். பேரும் ஊரும் சொல்லக் கூடாது என்பது பிள்ளை போட்ட நிபந்தனை. முத்துவேல் அய்யாவைத் தவிர இங்கே இருப்பவர்கள் எல்லோரும் மருத்துவர்கள், செவிலியர்கள். நான் சொல்வது இந்தச் சுவரைத் தாண்டாது என்று நம்புகிறேன்.

2003-ல் சிமெண்ட் ஆலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குழந்தையை டாக்டரம்மாவிடம் கொண்டுவந்தார்கள். ஏழு வயது. அந்த வயதிலேயே பெரியவளாகும் அறிகுறி தொடங்கிவிட்டது. அப்படிக் காலத்துக்கு முந்தி வருகிற பருவத்தைத் தள்ளிப்போட ஓர் ஊசி உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். மாதம் ஒன்று. போடுகிற வரை பருவம் நிற்கும், நிறுத்தினால் மறுபடி தொடங்கும். மெட்ராஸிலிருந்து ஐஸ் பெட்டியில் ரயிலில் வரும். டாக்டரம்மா குடையோடு போய் பிளாட்பாரத்தில் நிற்பார். ஸ்டேஷன் மாஸ்டரே எழுந்து நாற்காலி போடுவார். எனக்கு ரயிலில் இதுவரை வந்தது என் மாமியார் மட்டுந்தான்.

ஊர்வாய்க்கு மூடி ஏது? 'வயசுக்கு வராம நிறுத்துற ஊசி டாக்டரம்மாகிட்ட இருக்கு' என்று செய்தி பரவிவிட்டது. அது ஒரு பிள்ளையின் காதிலும் விழுந்தது. பதினோரு வயது. பெண்ணாகப் பிறந்த பிள்ளை. விவரம் தெரிந்த நாளிலிருந்து, தான் பெண் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிற பிள்ளை. தலைமுடியைத் தானே கத்தரித்துக்கொண்டு அடி வாங்கிய பிள்ளை. தாய்மாமன் அங்கே சீர்த்தட்டு எடுக்கவும், பச்சை ஓலை கட்டவும், சடங்குக்கு மைக்செட் சொல்லவும் தயாராக நிற்கிறார். அந்த நாளை நினைத்து இந்தப் பிள்ளை சோறு இறங்காமல் கிடந்தது.

அந்தத் தாய் பிள்ளையை முதலில் யாரிடம் கூட்டிவந்தார் தெரியுமா? என்னிடம்! தங்கப் பதக்கம் ஆயிற்றே! பிள்ளை சொன்னது: "சார், அந்த ஊசிய எனக்குப் போட்டு வுடுங்க. நான் பொம்பளயா ஆயிடக் கூடாது." நான் தாயைப் பார்த்துச் சொன்னேன், "வயசுக் கோளாறும்மா. தானா சரியாயிடும்." ஒரு டானிக் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நிமிஷம். அவர்கள் வெளியே போய் முப்பது அடி நடந்தார்கள். என் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போனவர்கள் ஒன்றரை மணி நேரம் திரும்பி வரவில்லை. ஒன்றரை மணி நேரம் அங்கே அப்படி என்ன பேச்சு? அன்று எனக்கு மத்தியானச் சாப்பாடு பிடிக்கவில்லை.

போன ஜூலையில் நம் மாதக் கூட்டத்தில் டாக்டரம்மா அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசினார். இந்தச் சிறுபிள்ளைக்கு அந்த ஊசி போடலாமா, கூடாதா, தனக்குத் தெரியவில்லை, சொல்லுங்கள் என்று கேட்டார். நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். நான் எழுந்தேன். என்னைவிட்டுப் போன நோயாளி அவர் கையில் இருக்கிறதே என்ற எரிச்சலில் எழுந்தேன். நோயாளி மேல் இருந்த அக்கறையில் அல்ல.

என்ன முழக்கம் முழங்கினேன்! பதினோரு வயதுப் பிள்ளைக்குத் தன்னைப் பற்றி என்ன தெரியும்? நாளைக்கு மனம் மாறினால் யார் பதில் சொல்வது? எலும்பு உறுதியாகிற வயதில் பருவத்தைத் தடுத்தால் அந்த எலும்பின் கதி என்ன? வெளிநாட்டிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில் நடப்பதை அரியலூரிலா செய்து பார்ப்பது? இவையெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். இன்றைக்கும் கேட்பேன். டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார்: "நியாயந்தான் அண்ணே. ஊசி போட்டா என்ன ஆவும்னு கேக்குறீங்க. போடாம வுட்டா அந்தப் புள்ளைக்கு என்ன ஆவும்னும் நாம கேக்கணும்ல? நாம சும்மா இருந்தாலும் ஒடம்பு சும்மா இருக்காதே."

 நான் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையை உயர்த்திக் காட்டினேன். "கூடாது என்று இதிலேயே எழுதியிருக்கிறது!" என்றேன். கைதட்டினீர்கள். செல்லதுரை, நீங்கள் எழுந்து நின்று தட்டினீர்கள்.

நண்பர்களே, அந்தத் தாளில் அப்படி எழுதியிருக்கவில்லை.

அதில் எழுதியிருந்தது இதுதான்: போடுவதானால் எலும்பின் அடர்த்தியை அளந்துகொண்டே இருக்க வேண்டும். பின்னாளில் என்ன ஆகும் என்பது இன்னும் சரியாகத் தெரியாது. போடு என்றும் இல்லை, போடாதே என்றும் இல்லை. நான் ஜெயிப்பதற்காக அதைத் திரித்தேன். ஒரு பிள்ளையின் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயத்தில் திரித்தேன்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது டாக்டரம்மா வந்தார். தோற்ற முகமே இல்லை. "அண்ணே, அந்த எலும்பு விஷயம் எனக்குத் தெரியாமப் போச்சு. அந்தத் தாளக் குடுங்க, படிச்சிட்டுத் தரேன். புள்ளையோட அம்மாவுக்கும் ரெண்டு பக்கத்தையும் எடுத்துச் சொல்லணும்." எனக்கு எப்படி இருந்திருக்கும்! தோற்கடித்தவனிடமே வந்து பாடம் கேட்கிற மனுஷியை என்ன செய்வது? அந்த மனசு எனக்கு ஏன் வாய்க்கவில்லை? "கிளினிக்ல இருக்கும்மா, தேடித் தரேன்" என்றேன். தாள் என் சட்டைப் பையில் இருந்தது.

எப்படிக் கொடுப்பேன்? கொடுத்தால் என் புளுகு தெரிந்துவிடும். அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். "அண்ணே, அந்தத் தாளு?" நான் தேடிக்கொண்டேதான் இருந்தேன்.

இதற்கு நடுவில் அவர் என்ன செய்தார்? ஊசி போட்டாரா? இல்லை. மெட்ராஸில் இரண்டு பெரிய டாக்டர்களுக்கு எழுதினார். ஒருவர் போடலாம் என்றார், ஒருவர் வேண்டாம் என்றார். வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அந்தப் பிள்ளையை வரச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார். தாய்மாமன் ஒருநாள் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தாராம். "எங்க வூட்டுப் புள்ளையக் கெடுக்குறீங்களா?" அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "மாமா சீர் செய்யிறது புள்ள சந்தோசத்துக்கா, ஊர் பாக்குறதுக்கா?" அந்த மனிதர் மோரைக் குடித்துவிட்டு, பிள்ளை வேண்டும் என்று சொன்னால் ஒழிய மைக்செட் கிடையாது, ஓலை கிடையாது என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரி அந்தப் பிள்ளை இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டதாம். ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை! எந்தத் தங்கப் பதக்கத்தில் சொல்லிக்கொடுத்தார்கள் இந்த வைத்தியத்தை?

பத்து நாளுக்கு முன்னால் காலையில் சின்னம்மாள் என் வாசலில் நின்று, "சார், அம்மா வுழுந்துட்டாங்க" என்று கத்தினார். இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் நடக்காத அந்த முப்பது அடியை அன்று ஓடினேன். மாரடைப்பு. நான் போனபோது முடிந்துவிட்டது.  

அடக்கம் முடிந்த மறுநாள் சின்னம்மாள் ஒரு கேஸ் ஷீட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "தனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இத ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு அம்மா சொல்லியிருந்தாங்க. எதுத்துப் பேசுனவருதான் நல்லாப் படிச்சிருக்காருன்னு சொன்னாங்க." பிரித்துப் பார்த்தேன். ஆகஸ்ட் மாதம், டாக்டரம்மாவின் கையெழுத்து: 'எலும்பு பற்றி அண்ணனிடம் கேட்டேன். இன்னும் தரவில்லை.' செப்டம்பர்: 'கேட்டேன். இன்னும் தரவில்லை.' அக்டோபர். நவம்பர். டிசம்பர். ஜனவரி. ஆறு முறை. ஒரு இடத்தில்கூட என்னைக் குறைசொல்லி ஒரு எழுத்து இல்லை.

போன வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அந்தப் பிள்ளை என்னிடம் வந்தது. நேராகக் கேட்டது: "சார், ஊசி போடுவீங்களா, மாட்டீங்களா?" முப்பது ஆண்டுகளில் நான் எந்த நோயாளியிடமும் சொல்லாத வார்த்தை ஒன்று என் வாயிலிருந்து வந்தது. "தெரியலப்பா" என்றேன்.  பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. "டாக்டரம்மாவும் அதான் சொன்னாங்க" என்றது.

பார்த்தீர்களா! அந்த வார்த்தையிலும் எனக்கு முந்திக்கொண்டார்!

இந்தச் சங்கத்தின் முன்னால் சொல்கிறேன். நீங்கள் தட்டிய கைதட்டலை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். வியாழன் இரண்டு மணிக்கு என் கிளினிக்கில் வேறு நோயாளி கிடையாது. அந்தப் பிள்ளை சொல்வதை முழுக்கக் கேட்பேன். மெட்ராஸுக்கு நானே கூட்டிப்போய், போடலாம் என்றவரையும் வேண்டாம் என்றவரையும் நேரில் பார்த்துக் கேட்பேன். எனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்வேன். டாக்டரம்மா விட்ட இடத்திலிருந்து அந்தப் பிள்ளை தனியாக நடக்காது.

இதோ, இதுதான் அந்தத் தாள். மாலையோடு சேர்த்துப் படத்துக்கு முன்னால் வைத்துவிடலாம் என்றுதான் கொண்டுவந்தேன். வைக்கப் போவதில்லை. படம் படிக்காது. வருகிற வியாழக்கிழமை அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் வரிக்கு வரி தமிழில் சொல்ல வேண்டும்.

அம்மா பூங்குழலி! கேஸ் ஷீட்டில் ஜனவரிக்குக் கீழே நீ ஒரு வரி இடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அதில் நான் எழுதிக்கொள்கிறேன்: 'அண்ணன் தந்துவிட்டார்.'