கன்னிமார் கல்லில் ஒரு ஞாயிறு

டாம்சின்: நில்லுடி மார்வென்னா! மூச்சு வாங்குது. மாட்டைத் துரத்துறப்பகூட நான் இப்படி ஓடினதில்ல.

மார்வென்னா: நின்னா யாராவது பாத்துடுவாங்க. வா, வா!

டாம்சின்: இந்தப் பொட்டல் மேட்டுல யாரு பாக்கப் போறா? குதிரைக் குட்டிங்களா? ஊர்ல பாதிப் பேரு இப்ப உங்கப்பா பிரசங்கத்துல தூங்கிட்டிருப்பாங்க.

மார்வென்னா: எங்கப்பா பிரசங்கத்துல யாரும் தூங்க மாட்டாங்க.

டாம்சின்: நான் தூங்கியிருக்கேன். கண்ணைத் தொறந்துக்கிட்டே.

மார்வென்னா: சீ... ஏய், அதோ! அந்த ஊதாப்பூப் புதருக்கு மேல... தெரியுதா?

டாம்சின்: தெரியுது, தெரியுது. கையைக் கிள்ளாதடி!

மார்வென்னா: ஐயோ... வட்டமா நிக்கிறாங்க. கை கோத்துக்கிட்ட மாதிரியே. வீடு உயரத்துக்கு இருக்கும்னு நெனச்சேன் டாம்சின்... நம்ம உயரந்தான் இருக்காங்க!

டாம்சின்: இருக்காங்களா? கல்லுடி அது.

மார்வென்னா: ஓய்வுநாளான ஞாயித்துக்கிழமையில ஆடினதால கல்லாப் போன பொண்ணுங்க. ஒரு சுத்து ஆடினாங்களாம். அடுத்த சுத்துக்குக் கால் எழும்பலையாம். பேச ஆரம்பிச்ச நாள்லேருந்து அப்பா வாயால கேக்கிறேன்.

டாம்சின்: அவங்களுக்குக் குழல் ஊதின ரெண்டு தடியனுங்க எங்க?

மார்வென்னா: ஓடப் பாத்தானுங்க. கீழ அந்தச் சரிவுல கல்லாயிட்டானுங்க.

டாம்சின்: பொண்ணுங்களை விட்டுட்டு ஓடினானுங்கல்ல, நல்லா வேணும். இந்தா, குங்குமப்பூ பன். தின்னுட்டு ஆடு.

மார்வென்னா: ஒண்ணும் எறங்காதுடி. நாளைக்கு இந்நேரம் லண்டன் ரயில்ல இருப்பேன்! நெனச்சாலே பறக்கிற மாதிரி இருக்கு.

டாம்சின்: உங்க உபதேசியார் அப்பா கிட்ட சொல்லிட்டியா, இல்லையா?

மார்வென்னா: தையல் வேலைன்னு சொல்லியிருக்கேன். நாட்டியக் குழுன்னா அப்பா தாங்க மாட்டாரு.

டாம்சின்: அதான் எடுத்துக்கிட்டாங்களே உன்னை. அப்புறம் எதுக்கு இந்தக் கல்லு?

மார்வென்னா: அங்க ஞாயித்துக்கிழமையும் ஆடணுமாம். வீட்ல கதவைச் சாத்திக்கிட்டு ஒரு ஞாயிறு ஆடிப் பாத்தேன்... முழங்கால் மரத்துப் போச்சு. இங்க, இவங்க நடுவுல ஆடிட்டேன்னா எங்க வேணா ஆடிடுவேன். முடியலைன்னா... ரயில் ஏற மாட்டேன்.

டாம்சின்: ஏறுவ. போ உள்ள. நான் தாளம் போடறேன்.

மார்வென்னா: போறேன்... போயிட்டேன்! பாரு, உள்ள நிக்கிறேன்!

டாம்சின்: ம், ஆரம்பி... என்னடி?

மார்வென்னா: இரு.

டாம்சின்: இருந்துட்டேன். ஆடு.

மார்வென்னா: ...கால் வரலடி.

டாம்சின்: விளையாடாத.

மார்வென்னா: சத்தியமா. பாதம் தரையோட ஒட்டிக்கிச்சு.

டாம்சின்: குனிஞ்சு பாரு. தோலு, எலும்பு, கிழிஞ்ச காலுறை. கல்லு எங்க இருக்கு?

மார்வென்னா: நீ சொல்லுவ. உனக்கு இதுல நம்பிக்கையே கிடையாது.

டாம்சின்: துளிகூட கிடையாது.

மார்வென்னா: பயமே இல்லாதவ வந்து பயப்படாதன்னா எனக்கு எப்படிடி போதும்?

டாம்சின்: அப்ப என்னதான் பண்ணப் போற?

மார்வென்னா: வா, போலாம். வேலை வேணாம்னு அப்பாகிட்ட சொல்லிடறேன்.

டாம்சின்: வெளிய வராத. அங்கயே நில்லு.

மார்வென்னா: எதுக்கு?

டாம்சின்: போன ஞாயிறு பல்வலின்னு நான் சபைக்கு வரல இல்ல... இங்க வந்திருந்தேன். தனியா. வழியெல்லாம் நடுங்கிக்கிட்டே. நம்பிக்கை இல்லன்னு இவ்வளவு நேரம் சொன்னது பொய்; உன்னைவிட நூறு மடங்கு நம்புறவடி நான். வேற பாட்டு தெரியாம சபைப் பாட்டையே முணுமுணுத்துக்கிட்டு, நீ நிக்கிற அதே இடத்துல ஆடினேன். அப்புறம், கல்லாகறதுக்கு நேரம் பிடிக்குமோ என்னவோன்னு, பொழுது சாயற வரைக்கும் கால் விரலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்... அசைஞ்சுதுடி.