நன்றிப் பட்டியலில் ஏழாவது பெயர்

கிள்ளான் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள். கணினி டிஸ்கெட்டைக் கையில் வைத்திருந்தவன், பழைய ஜப்பானியக் கணினி விளையாட்டு ஒன்றின் மேலுள்ள ஆசையில் அதே மாதிரி குதித்துத் தாண்டும் விளையாட்டைத் தானே செய்து அதில் பதிந்திருக்கிறான். மற்றவன் கொதித்துக்கொண்டிருந்தான்.

“நன்றி லிஸ்ட்ல ஜப்பான்காரன் முதல்ல வரட்டும் லா. அவன் கேம பாத்துதான் செஞ்ச. குமார் எப்படிடா ரெண்டாவது? கேம்ல வர்ற பேயெல்லாம் வரைஞ்சவன் நான். எனக்கு ஏழாவதா?”

“கடைசி கட்டம் ஜெயிச்சாதான் லிஸ்ட்டே வரும். நீ ஜெயிச்சியா?”

“இல்ல. குமார் சொன்னான்.”

“நான் மாத்தி மாத்தி செஞ்ச ஒவ்வொரு தடவையும் அவன் ஒருத்தன்தான்டா கடைசி வரைக்கும் விளையாடிப் பாத்தான்.”

பேருந்து ஷா ஆலம் தாண்டியது. பேய் வரைந்தவனின் கை நீண்டது.

“அந்த டிஸ்கெட்ட இங்க குடு.”