பச்சை லேபிள்

— தொடப்பத்தக் கீழ போடு மல்லிகா. நான் பாசார் போய்ட்டு வர்றதுக்குள்ள அள்ளிக் கொட்டணுமா?

— ஒடஞ்சது ஒட்டவா போவுது? கால்ல குத்தும்ங்க.

— குத்தட்டும். எங்கப்பன் ஒடச்சது எனக்குத்தான குத்தணும். இந்தா, இந்தச் செவப்புத் துண்டு எது, சொல்லு?

— சீனப் பெருநாளுக்கு வாங்குன பாட்டுப் பிளேட்டு. தகரக் கூரையில கொரங்கு குதிக்கிற மாதிரி தடதடன்னு ஓடும்.

— இது?

— பியானோவப் போட்டு அடிப்பானே, அவன். மாமா பேய்ப்பாட்டுன்னு கத்துனாங்களே.

— அவருக்கு ராக் அண்ட் ரோல் எல்லாமே பேய்ப்பாட்டுதான். கப்பல்ல வந்த பெட்டியப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே பண்டார் ஹிலிர் பிளேட்டுக் கடையில போய் நிப்பேன். வருசம் முடியறப்ப எது மொதலு, எது ரெண்டாவதுன்னு ஒக்காந்து சொல்லணும்னு இருந்தோம். பாரு, துண்டப் பொறுக்கிச் சொல்றோம்.

— பசியாறிட்டுப் பேசலாம், வாங்க.

— சிங்கப்பூர் தவுக்கே, அந்தச் சீன மொதலாளி, என் மொகரைக்கா வேலை குடுத்தான்? 'தியாகு, ஒன் பிளேட்டெல்லாம் தூக்கிக்கிட்டு வா, டான்ஸ் ஹால்ல நீதான் போடணும்'னான். வெறுங்கையோட போனா வாசல் கூட்டக்கூட வச்சிக்க மாட்டான்.

— அப்ப... போவலதானே?

— எங்க போறது! நான் போவக் கூடாதுன்னு அப்பா நெனச்சது நடந்துருச்சு. அதான் பாசார் மீன் சந்தையில வச்சு நல்லாக் கேட்டுட்டு வந்தேன்.

— மாமாவயா? ஐயோ, என்ன கேட்டீங்க?

— 'நீ ஒரு அப்பனா? செத்தா கொள்ளி வைக்க என்னத் தேடாத'ன்னேன். காஜா பேராங் ஊரே நின்னு கேட்டுச்சு.

— மாமா என்ன சொன்னாங்க?

— வாயத் தொறக்கல. மீன் பையப் புடிச்சிக்கிட்டுத் தலையக் குனிஞ்சு நின்னாரு. குத்தமுள்ள நெஞ்சு.

— அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க.

— என்னடி, மாமனாருக்குத் திடீர்னு வக்காலத்து? விடு. ஒனக்கு இந்த வருசம் எது ஒசத்தி?

— இப்ப எதுக்கு?

— சொல்லு புள்ள.

— மெர்டேக்கா, சொதந்தர நாளு கழிச்சு வாங்கியாந்தீங்களே, மெதுவாப் போவுமே. அடுப்படிக் கதவச் சாத்திட்டு என்ன ஆட வச்சீங்க. கஞ்சி தீஞ்சே போச்சு.

— பச்சை லேபிள்! எனக்கும் அதான் மொதலு. எங்க அது? பச்சைத் துண்டு ஒண்ணக்கூடக் காணோமே.

— தூளாப் போயிருக்கும்.

— லேபிள் எப்படித் தூளாவும்? நகரு. அரிசி டின்னுக்குப் பின்னால என்னமோ ஒன் சேலத் துணி சுத்திக் கெடக்கு?

— எடுக்காதீங்க...

— முழுசா இருக்கு. ஒரு கீறல் இல்ல.

— என்னங்க...

— அப்பாவுக்கு எழுத்தும் தெரியாது, பாட்டும் தெரியாது. ஒனக்குப் புடிச்ச பிளேட்டு எதுன்னு மட்டும் எப்படித் தெரிஞ்சிச்சு?

— போன தையிலதான் குருபோங்குலேர்ந்து என்னக் கட்டிக்கிட்டு வந்தீங்க. சிங்கப்பூரு போனவங்க எத்தன பேரு திரும்புனாங்க? பயந்துட்டேங்க.

— அப்ப அந்த மனுசன் ஏன் வாயத் தொறக்காம நின்னாரு?

— நான் ஒடைக்கறப்ப மாமா வாசல்ல நின்னு பாத்துட்டாங்க. 'எம்பேரச் சொல்லிரு தாயி. தியாகு எங்கூடப் பேசாட்டி எனக்குப் பழக்கந்தான், ஒங்கூடப் பேசாட்டி நீ தாங்க மாட்ட'ன்னாங்க.